பிடித்த எழுத்தாளரை நேரில் சந்தித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சுமா? உங்கள் அனுபவம் என்ன?

எனக்கு மிஞ்சவில்லை. ஒரே எழுத்தாளரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை நடந்ததைச் சந்திப்பு என்று சொல்ல முடியாது. நந்தனம் புத்தகக் காட்சிக்கு வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறிப் போய், அவர் உட்கார்ந்திருந்த ஸ்டால் முன்னால் வரிசையில் நின்றேன். பெயர் கேட்டார், சொன்னேன். ‘அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தேன். பதினைந்து வருஷம் வாசித்த ஒருவரிடம் என் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவ்வளவுதான் முடியும்.

இரண்டாவது முறை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். அவர் பெயரை எழுதவில்லை. அன்றைக்கு அவர் என் அம்மாவிடம் பேசியது வீட்டுப் பேச்சு. பெயர் போட்டு அதைப் பொதுவில் வைக்கலாமா என்று அவரிடம் நான் கேட்டதில்லை.

எங்களுடையது பர்மாக்காரர் வீடு. வியாசர்பாடியில் அப்படிச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். 1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். அடுத்து மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அம்மா அதை இன்னும் ‘சாட்’ என்றுதான் சொல்வார். ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்த தாத்தாவுக்கு இரண்டே மாதத்தில் கடையும் போனது, கையிலிருந்த பணமும் போனது. 1965-இல் கப்பலில் மெட்ராஸ் வந்தபோது அம்மாவுக்குப் பத்து வயது. இதற்கு மேல் அவர் எங்களிடம் பேசியதே கிடையாது.

நான் சொல்லும் எழுத்தாளரின் நாவல் ஒன்று ரங்கூனில் தொடங்கி மெட்ராஸ் துறைமுகத்தில் முடியும். போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. புதுக் கண்ணாடி வரும்வரை டிவியும் பார்க்கவில்லை, படிக்கவும் இல்லை. சாயங்காலம் பொழுது போகவில்லை என்றதால் அந்த நாவலைத் தினம் இருபது பக்கம் வாய்விட்டு வாசித்துக் காட்டினேன். ரங்கூன் துறைமுகத்தில் சோதனை போடுபவர்கள் ஒரு சின்னப் பெண்ணின் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் இடம் வந்தது. “போதும், மூடி வை” என்றார். மறுநாள் காலையில் காபி போட்டுக்கொண்டே, பாட்டியின் கம்மலை எப்படிக் கழற்றினார்கள், சுரை வராமல் காது கிழிந்து ரத்தம் வந்தது, பாட்டி அழாமல் நின்றது எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு 44 வயது. அன்றுதான் இதைக் கேட்கிறேன். பாட்டி எப்போதும் காதோரம் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

அந்த எழுத்தாளர் எனக்கு ஏன் முக்கியம் என்று கேட்டால் இதுதான் பதில்.

ஒன்பதாம் அத்தியாயம் வந்தபோது வேறொன்று நடந்தது. ஊரைவிட்டுக் கிளம்பும் நாள் காலையில் நாவலில் வரும் பாட்டி மொய்ங்கா செய்கிறாள். வாழைத்தண்டு சூப், நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், மேலே நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு தட்டை. அழகாக எழுதியிருந்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“மீனு எங்கடா?”

“மீன் இல்லம்மா. இவ்ளோதான் போட்டிருக்கு.”

“மீனு இல்லாம ஏதுடா மொய்ங்கா? இது இங்க பீச்சாண்ட விக்கிறது.”

அம்மா சொன்னது சரி. பர்மாவில் மொய்ங்கா என்றாலே மீன் குழம்புதான். கெளுத்தியை வேகவைத்து, முள் எடுத்து மசித்து, எலுமிச்சம்புல்லும் வாழைத்தண்டும் சேர்த்து, வறுத்த அரிசி மாவு கரைத்துக் கெட்டியாக்குவார்கள். சென்னையில் பர்மா பஜார் பக்கம், செகண்ட் லைன் பீச்சில், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸோடு ஊற்றித் தரும் சூப்பில் பெரும்பாலும் மீன் இருக்காது, தண்டு மட்டும் இருக்கும். நம் ஊரில் குடித்த சூப்பை எழுத்தாளர் காகிதத்தில் ரங்கூனுக்கு எடுத்துப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் எங்கள் பக்கத்துக் கிளை நூலக வாசகர் வட்டத்துக்கு அவர் பேச வந்தார். இலக்கியக் கூட்டம் என்றால் மயிலாப்பூர், தி.நகர் என்று நாங்கள்தான் கிளம்பிப் போகவேண்டும். அவர் எலெக்ட்ரிக் ரயிலில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நாற்பது பேர் இருப்போம். முன்வரிசையில் பர்மாவிலிருந்து வந்த பெரியவர்கள் நாலைந்து பேர். அவர் பேசியதைவிட அவர்களைப் பேசவிட்டுக் கேட்டதுதான் அதிகம்.

எல்லார் முன்னாலும் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டீ கொடுக்கும் நேரத்தில் பக்கத்தில் போனேன்.

“சார், ஒன்பதாம் அத்தியாயத்துல மொய்ங்காவுக்கு மீன் போடணும் சார். அம்மா சொன்னாங்க. பத்து வயசுல கப்பல்ல வந்தவங்க.”

கோபம் வரும், இல்லாவிட்டால் ‘அப்படியா’ என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் டீ கப்பை ஜன்னல் திட்டில் வைத்தார். “அம்மா இப்ப வீட்டுல இருக்காங்களா? பேசலாமா?” என்றார்.

போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நூலக நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் அவர் எழுதத் தொடங்கினார்.

“என்ன மீன்மா?”

“கெளுத்தி, தம்பி. எலுமிச்சம்புல்லு போட்டுக் கொதிச்சா தெருமுனை வரைக்கும் வாசம் வரும்.”

“அப்புறம் ஏம்மா இங்க வந்து மீனை விட்டுட்டாங்க?”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

“மத்தவங்க ஏன் விட்டாங்கன்னு எனக்குத் தெரியாது தம்பி. எங்க வீட்ல காசு இல்ல. அக்கம்பக்கத்துல வாழை வெட்டுனா தண்டு சும்மா குடுப்பாங்க. எங்கம்மா அதை மட்டும் போட்டு வெச்சுட்டு, மீனு அடுத்த வாரம்னு சொல்லும். அப்படியே பழகிப்போச்சு.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். “இதைக் கேக்காமலே எழுதிட்டேன்மா” என்றார். “பரவால்ல தம்பி, அந்தத் தோடு எழுதினீங்களே” என்றார் அம்மா. அதற்குப் பிறகு பத்து நிமிஷத்துக்கு மேல் பேசினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்மல் கதையை அம்மாவே அவரிடம் சொன்னார்.

நீங்களும் யாரையாவது பார்க்க ஆசைப்பட்டால் இந்த மாதிரிச் சின்னக் கூட்டமாகப் பார்த்துப் போங்கள். ‘உங்க எழுத்து ரொம்பப் பிடிக்கும்’ என்பதற்கு அவர்கள் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும். புத்தகத்தில் உங்களை நிறுத்தி வைத்த ஒரு இடத்தைச் சொன்னால் அவர்களுக்கும் பேச ஏதாவது கிடைக்கும்.

கிளம்பும்போது என் புத்தகத்தை நீட்டினேன். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடாமல் ஒன்பதாம் அத்தியாயத்தைத் தேடித் திறந்தார். சூப் கொதிக்கும் வரியில் செருகல் குறி போட்டு, மேலே ‘கெளுத்தி மீன்’ என்று எழுதி, ஓரத்தில் அம்மாவின் பெயரையும் தேதியையும் எழுதினார். அதற்குக் கீழேதான் அவர் கையெழுத்து.

புதுக் கண்ணாடி வந்த அன்று அம்மா முதலில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார். ரங்கூனில் நாலாங்கிளாஸ் வரை படித்த தமிழ், விரல் வைத்துத்தான் படிப்பார். முடித்துவிட்டு, “எலுமிச்சம்புல்லையும் சேத்து எழுதச் சொல்லு” என்றார்.