வீடும் வளவும்: ஸ்நோ விழ முன்னம் அத்திவாரம்

கேள்வி: எங்களுடையது 1960களில் கட்டிய பங்களோ. சீமெந்துக் கல் அத்திவாரம். ஒவ்வொரு மார்ச்சிலும் பேஸ்மென்ரின் வடக்குச் சுவர் அடியில் நனைகிறது, வெள்ளையாய் உப்புப் பூக்கிறது. வந்து பார்த்த ஒருவர் வீட்டைச் சுற்றிக் கிண்டத்தான் வேண்டும் என்று இருபதினாயிரம் டொலருக்கு மேல் கேட்கிறார். இன்னொருவர் உள்ளே வோட்டர்புரூஃப் பெயின்ற் அடித்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, ஐயா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்: இப்போதைக்கு இரண்டு பேருக்கும் காசு கொடுக்காதேயுங்கோ, தங்கச்சி. அடுத்த பெருமழைக்குக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி வீட்டை ஒருக்கால் சுற்றி வாருங்கோ. பீலித் தண்ணி எங்கே விழுகிறது, விழுந்தது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கோ. அத்திவாரம் கிண்டும் வேலையிலேயே எனக்கு வயது போனது. கிண்ட என்று கூப்பிட்ட எத்தனையோ வீடுகளில் மண்வெட்டியை வைக்க முதலே மேலே பார்த்துக் காரணத்தைச் சொல்லியிருக்கிறேன்: பீலிக்குழாய்.

பீலிக்குழாயை நிலத்தடிக் குழாயிலிருந்து கழற்ற வேண்டும் என்று ரொறன்ரோ நகரசபை 2011இலிருந்து 2016 வரை பகுதி பகுதியாகக் கட்டாயமாக்கியது. நல்ல சட்டம். ஆனால் பலர் குழாயை அறுத்து, ஒரு வளைவை மாட்டி, சுவரடியிலேயே விட்டுவிட்டார்கள். கூரையின் ஒரு பக்கத் தண்ணி முழுக்க ஒரு மூலையில் இறங்கினால் எந்தச் சுவர் தாங்கும்? குறைந்தது ஆறடிக்கு நீட்டுக்குழாய் போட்டு, பக்கத்து வீட்டுக்கோ நடைபாதைக்கோ போகாமல் புல்லுக்குத் திருப்பிவிடுங்கோ. பீலிக்குள் கிடக்கும் மேப்பிள் இலையையும் அள்ளுங்கோ. இலை கடைசியாக விழுந்து முடிந்த பிறகு அள்ளினால்தான் பிரயோசனம்.

அடுத்தது நிலத்தின் சரிவு. சுவரிலிருந்து பத்தடி தூரத்துக்குள் ஆறு அங்குலமாவது நிலம் இறங்க வேண்டும். பழைய வீடுகளில் இது சுவர்ப் பக்கமாய்ச் சரிந்திருக்கும், ஏனென்றால் கட்டும்போது வெட்டி மூடிய மண் காலம் போகப் போக அமர்ந்துவிடும். அந்தப் பள்ளத்தில் பூக்கன்றுக்கு வாங்கும் கறுப்பு மண்ணைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது தண்ணியைக் குடித்துச் சுவரோடு வைத்திருக்கும். களிமண் கலந்த நிரப்பு மண் போட்டு, இடித்து இறுக்கி, மேலே மட்டும் கொஞ்சம் கறுப்பு மண்ணும் புல்லும் போடுங்கோ. செங்கல் தொடங்கும் இடத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே மண் நிற்கட்டும். நிலம் இறுகினால் ஒன்றும் செய்ய ஏலாது, நவம்பர் நடுப்பகுதிக்குள் முடியுங்கோ.

ஏன் ஜனவரியில் நனையாமல் மார்ச்சில் நனைகிறது? மார்ச்சில் மேல்மண் இளகும், அதற்குக் கீழே உள்ள மண் இன்னும் கட்டியாக இருக்கும். உருகிய ஸ்நோத் தண்ணிக்குக் கீழே இறங்க வழி இல்லை. வீட்டுச் சூட்டால் முதலில் இளகுவது சுவரை ஒட்டிய மண்தான். அதனால் தண்ணி தேடிப் பிடித்து அந்த இடுக்கால் இறங்குகிறது. சுவரோடு ஸ்நோவைக் குவித்து வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாதை துப்புரவாக்கும்போது வீட்டுப் பக்கம் எறியாமல் நாலைந்து அடி தள்ளி எறியுங்கோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குளிர் மட்டும் சுவரை உடைப்பதில்லை. காய்ந்த கல் மைனஸ் 20இலும் சும்மா நிற்கும். நனைந்த கல்தான் வெடிக்கும், ஏனென்றால் தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். ரொறன்ரோவில் பகலில் உருகி இரவில் உறையும் நாட்கள் நிறைய. ஒவ்வொரு உறைதலும் வெடிப்பை ஒரு மயிரளவு அகட்டும், உருகும்போது அந்த இடைவெளிக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணி போகும். சீமெந்துக் கல்லு உள்ளே வெற்றிடம் உள்ளது. ஒருமுறை உள்ளே போன தண்ணி அங்கேயே நிற்கும்.

இதனால்தான் உள்ளே பெயின்ற் வேண்டாம் என்கிறேன். அது தண்ணியைச் சுவருக்குள் வைத்துப் பூட்டும் வேலை. உப்புப் பின்னால் நின்று தள்ள, பெயின்ற் பொருக்காய் உதிரும். வெளியே நிலத்துக்கு மேல் தெரியும் சீமெந்துப் பூச்சு வெடித்திருந்தால் அதைச் சுரண்டிப் பூசுங்கோ. அதைக்கூடக் குளிர் வர முன்னம் செய்யாவிட்டால் பூச்சு இறுக முதல் உறைந்துபோகும்.

சுவரில் தெரிவது வெளித் தண்ணிதானா, வீட்டு ஈரம் படிகிறதா என்ற சந்தேகம் இருந்தால் ஓரடிச் சதுரப் பிளாஸ்ரிக் தாளை நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கோ. தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவருக்குள்ளால் வருகிறது. முன்னால் ஈரம் என்றால் பேஸ்மென்ரில் உடுப்புக் காயப்போடுவதை நிற்பாட்டுங்கோ.

இவ்வளவும் செய்த பிறகும் வரும் மார்ச்சில் நனைந்தால் அத்திவாரத்தடித் தண்ணியை வடிக்கும் வீப்பிங் ரைலைப் பற்றிக் கதைப்போம். அந்தக் காலத்தில் துண்டு துண்டான சுட்ட மண் குழாய்களை அத்திவாரத்தடியில் வரிசையாக வைத்தார்கள். நான் தோண்டி எடுத்தவற்றில் பலது மரவேரும் சேறும் அடைத்து ஒரு சொட்டும் போகாத நிலையில் இருந்தன. முதலில் கமெரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கோ, கிண்டுவது அதற்குப் பிறகுதான். கழிவுத் தண்ணி வீட்டுக்குள் திரும்பாமல் தடுக்கும் பின்னோட்டத் தடுப்பு வால்வு, அத்திவாரத் தண்ணியை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் போடுவதற்கு ரொறன்ரோ நகரசபை செலவில் ஒரு பங்கைத் தருகிறது. வேலை தொடங்க முதல் 311க்கு அடித்து நிபந்தனைகளைக் கேளுங்கோ.

கேள்வி: புது வீடு வாங்கி ஒன்றரை வருடம். பேஸ்மென்ற் கொங்கிறீற் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வெடிப்பு. போன வசந்தத்தில் அதால் கொஞ்சம் தண்ணியும் வந்தது. வீடு இடிந்துவிடுமோ?
— வாசகர், ஏஜக்ஸ்

பதில்: இடியாது, தம்பி. ஊற்றிய கொங்கிறீற் காயும்போது சுருங்கும், நேர்க்குத்தான வெடிப்பு அனேகமாக அதுதான். உள்ளே நின்றே பொலியூரிதேன் ஊசி ஏற்றி அடைக்கலாம், வின்ரரிலும் செய்யலாம்.

ஆனால் நீங்கள் காசு செலவழிக்க வேண்டியதில்லை! ஒன்ராறியோவில் புது வீட்டுக்குக் கட்டியவர் கொடுக்கும், ராறியன் என்ற அமைப்பு கவனிக்கும் உத்தரவாதம் இருக்கிறது. பேஸ்மென்ற் சுவரால் தண்ணி வருவது முதல் இரண்டு வருடத்துக்குள் அடங்கும். பெரிய கட்டமைப்புக் குறைக்கு ஏழு வருடம். உங்களுக்கு ஆறு மாதம்தான் மிச்சம். கட்டியவரின் ஆள் வந்து வாயால் சொல்லிவிட்டுப் போவது கணக்கில் வராது. படம் எடுத்து, படிவத்தை இரண்டாம் வருடம் முடிய முன்னம் ராறியனுக்கு அனுப்புங்கோ. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதியும் எழுதி வையுங்கோ, நீளுகிறதா என்று தெரியும்.

சீமெந்துக் கல் சுவரில் குறுக்காக வெடிப்பு ஓடி, சுவர் உள்ளே வயிறு தள்ளினால் கதை வேறு. வெளியே நனைந்த மண் உறைந்து சுவரைத் தள்ளுகிறது. ஊசி போடுகிறவரை விட்டுவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கோ.

கேள்வி: டிசம்பரில் போய் தைப்பொங்கல் முடிய வரும் திட்டம், யாழ்ப்பாணத்துக்கு. ஆளில்லாத வீட்டுக்கு ஏன் காஸ் செலவு? ஃபர்னஸை நிற்பாட்டிவிட்டுப் போகலாமா?
— வாசகர், பிரம்ரன்

பதில்: கூடவே கூடாது. பைப் வெடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அத்திவாரத்தை யாரும் யோசிப்பதில்லை.

இங்கே உறைபனி நிலத்துக்குள் நாலடி வரை இறங்கும் என்று கணக்கு வைத்துத்தான் ஃபுற்றிங்கை, அதாவது அத்திவாரச் சுவர் நிற்கும் அடித்தளத்தை, அதற்குக் கீழே வைக்கிறார்கள். அந்தக் கணக்கு வெளியே இருந்து இறங்கும் குளிருக்கு. பேஸ்மென்ற் தரைக்குக் கீழே சில அங்குலத்தில் ஃபுற்றிங் இருக்கிறது. வீடு முழுக்க உறைந்தால் குளிர் உள்பக்கத்தால் இறங்கி ஃபுற்றிங்குக்குக் கீழே உள்ள ஈர மண்ணைப் பிடித்துவிடும். பிறகு வீடே ஒரு பக்கம் எழும்பும்.

தெர்மோஸ்ரற்றை 15 பாகையில் விட்டு, பேஸ்மென்ற் கதவைத் திறந்து வைத்து, பிரதான தண்ணி வால்வை மூடிவிட்டுப் போங்கோ. சொந்தக்காரர் ஒருவரிடம் திறப்பைக் கொடுங்கோ. வின்ரரில் சில நாட்களுக்கு மேல் வீட்டை விட்டுப் போனால் தினமும் ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அல்லது தண்ணியைப் பூட்டி வடிக்க வேண்டும் என்று பல இன்சூரன்ஸ் பாலிசிகளில் எழுதியிருக்கும். பயணச் சீட்டு எடுக்கும்போதே அதை வாசியுங்கோ. வருகிற சொந்தக்காரர் ஃபர்னஸின் வெளிக்குழாயை ஸ்நோ மூடியிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். சம்ப் பம்ப் இருந்தால் அதன் வெளிக்குழாய் நுனி உறைந்து அடைக்கிறதா என்றும் பார்க்கட்டும். கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தாவது ஆளைப் பிடியுங்கோ.

கேள்வி: போன பெப்ரவரியில் பின் டெக் உயர்ந்து, வெளிக்கதவு அதில் இடித்துத் திறக்க ஏலாமல் போனது. மேயில் தானாகவே சரியாகிவிட்டது. இந்தமுறை கதவடியைச் சீவிவிடலாம் என்கிறார் மருமகன். முன்படியும் உப்புப் போட்டுப் போட்டு உதிர்கிறது.
— வாசகி, மார்க்கம்

பதில்: மருமகனின் கையிலிருந்து சீவுளியை வாங்கி வையுங்கோ, அக்கா. குற்றம் டெக்கின் கால்களில். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல உறையும் மண் கீழேயுள்ள ஈரத்தை மேலே இழுத்து, படை படையாகப் பனிக்கட்டி கட்டும். வண்டலும் களியும் கலந்த மண்ணில் இது கூட. நாலடிக்குக் குறைவாகத் தாட்ட கால்களை அது அப்படியே தூக்கும். வீடு நாலடிக்குக் கீழே இருப்பதால் அசையாது, டெக் மட்டும் ஏறும்.

இந்த வின்ரருக்கு டெக்கடியில் தண்ணி தேங்காமல் பாருங்கோ, அவ்வளவுதான். நிலம் நன்றாக இளகிய பிறகு கால்களை மாற்றுங்கோ: நாலடிக்கும் கீழே, வழுவழுப்பான வட்டக் குழாய் அச்சுக்குள் கொங்கிறீற் ஊற்ற வேண்டும். பக்கம் கரடுமுரடாக இருந்தால் உறைந்த மண் அதைப் பிடித்துத் தூக்கும். கிண்ட முதல் ஒன்ராறியோ வன் கோலுக்கு அறிவியுங்கோ, காஸ் லைன் எங்கே போகிறது என்று வந்து இலவசமாக அடையாளம் போடுவார்கள்.

படிக்கு உப்பை நிற்பாட்டி மணல் போடுங்கோ. சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழே பெரிதாக வேலையும் செய்யாது. அது உருக்கிய தண்ணி கொங்கிறீற்றுக்குள் ஊறி, மறுபடி உறைந்து, மேல்தோலை உரிக்கும். புதிதாய்ப் படி கட்டும்போது காற்றுக் குமிழி கலந்த கொங்கிறீற் என்று கேட்டு வாங்குங்கோ, உறையும் தண்ணி விரிய அந்தக் குமிழிகள் இடம் கொடுக்கும். முதல் வின்ரரில் அதன்மேல் உப்பே விழக்கூடாது. தபால்காரர் வழுக்கி விழுவார் என்று பயமாக இருந்தால், விடிய எழும்பி மருமகனைக் கொண்டு ஸ்நோவை வழியுங்கோ.