கருந்துளை வட்டில் உராய்வு

கேள்வி: கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டில் பாகுநிலைக்கு (வாயு அடுக்குகளுக்கு இடையிலான உள் உராய்வுக்கு) என்ன வேலை?

பதில்: கோண உந்தத்தை, அதாவது சுழலும் பொருளின் சுழற்சி உந்தத்தை, வெளியே கடத்துவதுதான் அதன் வேலை. வட்டின் உட்பகுதி வேகமாகச் சுற்றும், வெளிப்பகுதி மெதுவாக. இரண்டும் உரசும்போது உள்ளே உள்ள வாயு கோண உந்தத்தை இழந்து மேலும் உள்ளே சரிகிறது. பிறக்கும் வெப்பம் ஒளியாக, எக்ஸ் கதிராக வெளியேறுகிறது.

மூலக்கூறு மோதலால் வரும் பாகுநிலை இதற்குத் துளியும் போதாது. அதை மட்டும் நம்பினால் வாயு உள்ளே சரிய மிக நீண்ட காலம் ஆகும்; ஆனால் குறுநோவா (வெண்குறு விண்மீனைச் சுற்றும் இதே போன்ற வட்டு திடீரெனப் பிரகாசிக்கும் நிகழ்வு) வட்டுகள் சில நாட்களில் பொங்கி அடங்குகின்றனவே! அதனால் 1973இல் வானியற்பியலாளர்கள் ஷகூராவும் சுன்யாயெவும் கொந்தளிப்பைக் காரணமாக்கி, பாகுநிலை = ஆல்ஃபா × ஒலிவேகம் × வட்டின் தடிமன் என்றார்கள். ஆல்ஃபா என்பது கொந்தளிப்பின் வலிமையைக் குறிக்கும் எண்; சூடான வட்டுகளில் அது சுமார் 0.1.

கொந்தளிப்பு எங்கிருந்து வருகிறது? 1991இல் வானியற்பியலாளர்கள் பால்பஸும் ஹாலியும் காட்டிய அழகான விடை: வலுவற்ற காந்தப்புலம் வாயுத் துணுக்குகளைச் சுருள்வில்போல் பிணைத்து இழுக்கிறது; அந்த இழுப்பு வளர்ந்து கொந்தளிப்பாகிறது. வாயு அயனியாகாத (மின்னூட்டம் பெறாததால் காந்தப்புலத்தின் பிடிக்குள் வராத) குளிர்ந்த வட்டுகளில் இது எடுபடாது.