வெளிநாட்டுக் காசுக்கு வங்கி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறது?

கேள்வி: நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். முன்பள்ளிக்குக் கிணறு கட்ட, கனடாவில் இருக்கும் எங்கள் ஊரவர் சங்கம் 12 இலட்சம் ரூபாவை என் சொந்தக் கணக்குக்கு அனுப்பியது. யார் அனுப்பியது, எதற்கு என்று வங்கி கடிதம் கேட்கிறது. எங்களில் சந்தேகமா? அடுத்த முறை வங்கியை விட்டு, ஆள் மூலம் காசு கைமாறும் உண்டியலில் எடுக்கலாமா?

பதில்: உண்டியல் வேண்டவே வேண்டாம். நாளை யாராவது கேட்டால், காட்ட உங்கள் கையில் ஒரு துண்டும் இராது.

வங்கி கேட்பது சட்டக் கடமை. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி, 10 இலட்சத்துக்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல் வாங்கலையும் இலத்திரனியல் பணமாற்றத்தையும் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு வங்கி அறிவிக்க வேண்டும். உங்கள் 12 இலட்சம் பற்றிய அறிக்கை, தொகையை வைத்தே அங்கே போகும். அது குற்றச்சாட்டு அல்ல. சந்தேக அறிக்கை வேறு. சந்தேகம் எழுந்து இரண்டு வேலைநாளுக்குள் அதை அனுப்ப வேண்டும், அனுப்பியதை வாடிக்கையாளருக்குச் சொல்லவும் கூடாது. ஆகவே முகாமையாளரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. அறிக்கைக்குப் பயந்து 12 இலட்சத்தை மூன்றாக உடைத்து எடுப்பதுதான் உண்மையில் சந்தேகத்தைக் கிளப்பும்.

பிழை இருப்பது சொந்தக் கணக்கில். பிரதேச செயலகப் பதிவோடு சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, இருவர் கையெழுத்தில் இயக்குங்கள். கிணற்றுக்கென ஒரு கோவை வையுங்கள்: அனுப்பியவர்களின் திகதியிட்ட கடிதம், தீர்மானம் எடுத்த கூட்டறிக்கை, மேசனின் விலைக்கோரல், சீமெந்துப் பற்றுச்சீட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம். மேசன் கூலிக்குக் கொப்பியில் அவர் கையெழுத்து இருந்தால் போதும்.

அனுப்பும் அமைப்பின் பெயரையும் பாருங்கள். பயங்கரவாதத் தொடர்பு என்று சொல்லி நிதியை முடக்க, ஐ.நா. ஒழுங்குவிதிகளின் கீழ் அரசு வெளியிடும் வர்த்தமானிப் பட்டியலில் 2014 இல் பல புலம்பெயர் அமைப்புகள் சேர்க்கப்பட்டன. 2015 இல் சில நீங்கின, 2021 இல் திரும்ப வந்தன, 2022 இல் மறுபடி சில நீங்கின. அதனால் பழைய பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு முறையும் புதியதைப் பாருங்கள். ஆளின் பெயர் ஒத்துப்போய்ச் சிக்கினால் பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கத்தோடு வேறு ஆள் என எழுத்தில் கொடுங்கள்.

வங்கிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நேர்மையான தொண்டு வேலையைத் தடுக்கக்கூடாது என்று கறுப்புப் பணத்துக்கும் பயங்கரவாத நிதிக்கும் எதிரான உலக விதிகளை வகுக்கும் நிதி நடவடிக்கைச் செயலணியின் (FATF) 8 ஆவது பரிந்துரையே சொல்கிறது. வன்னிச் சனம் விசாரணை என்ற சொல்லுக்கே நடுங்கி வாழ்ந்தது. என்ன ஆவணம், எதற்கு, எப்போதைக்கு என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்தாலே பாதிப் பயம் போய்விடும். அதை நீங்களும் கேட்டு வாங்குங்கள்.