சித்திரவதை செய்தவர் லண்டன் வருகிறார்: விமான நிலையத்தில் பிடிப்பார்களா?

கேள்வி: 2009இல் தடுப்பு முகாமில் என்னை அடித்து விசாரித்த இராணுவ அதிகாரி, அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு லண்டன் வருவதாக ஃபேஸ்புக்கில் பார்த்தேன். இறங்கியதுமே பிடித்துவிடுவார்களா? நான் என்ன செய்யலாம்? (ஹரோவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தானாகப் பிடிக்க மாட்டார்கள். ஹீத்ரோவில் குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைக்கும்போது, முன்பே யாராவது பதிந்து வைத்த எச்சரிக்கை இருந்தால்தான் திரையில் வரும். விசா விண்ணப்பத்தில் போர்க்குற்றம் பற்றி ஒரு கேள்வி உண்டு. அதற்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டு வருகிறவரின் முகம் அந்தத் திரைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால் தொடக்கம் உங்களிடம்தான் இருக்கிறது.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டனின் 2001ஆம் ஆண்டு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றச் சட்டம் இந்நாட்டுக் குடிமக்களுக்கும் இங்கே வசிப்பவர்களுக்கும்தான்; கல்யாணத்துக்கு வந்து போகிறவரை அது தொடாது. உங்களுக்கு உதவக்கூடியது 1988ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. அரச அதிகாரி ஒருவர் எந்த நாட்டில் சித்திரவதை செய்திருந்தாலும், எந்த நாட்டவராக இருந்தாலும், இங்கே வழக்குத் தொடரலாம். ஆப்கானிய ஆயுதக்குழுத் தலைவர் ஃபர்யாடி சர்தாத் 2005இல் லண்டனில் 20 ஆண்டு தண்டனை பெற்றது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

சரி, யாரிடம் போவது? லண்டன் மாநகரப் பொலிஸின் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவுக்குள் போர்க்குற்றக் குழு ஒன்று இருக்கிறது. இப்போதே, முடிந்தால் ஒரு சட்டத்தரணியோடு, அவர்களிடம் போங்கள். நீங்களே நீதிமன்றம் போய்ப் பிடியாணை வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 2011க்குப் பிறகு இத்தகைய வழக்குகளில் அரச வழக்குத்தொடுநர் தலைவரின் சம்மதம் இல்லாமல் அது கிடைக்காது.

தயவுசெய்து ஃபேஸ்புக்கில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். 2005 செப்டம்பரில் இஸ்ரேலியத் தளபதி டோரோன் அல்மோக் ஹீத்ரோவில் இறங்கவிருந்தார். பிடியாணையும் தயாராக இருந்தது. விஷயம் அவர் காதுக்கு எட்டியதும் விமானத்தை விட்டு இறங்காமலே திரும்பிப் போய்விட்டார். சுவீடனில் நடந்தது வேறு. 1988இல் ஈரானின் கோஹர்தஷ்த் சிறையில் நடந்த கைதிகள் படுகொலையில் சம்பந்தப்பட்ட ஹமீத் நூரி வரப்போகிறார் என்று தெரிந்ததும், முன்னாள் கைதிகள் சத்தமில்லாமல் சாட்சியங்களைத் திரட்டிச் சட்டத்தரணிகளிடம் சேர்த்தார்கள். 2019 நவம்பர் 9 அன்று ஆர்லாண்டா விமான நிலையத்தில் இறங்கியதுமே அவர் கைதானார். 2022இல் ஆயுள் தண்டனை. 2024இல் கைதிப் பரிமாற்றத்தில் அவரை ஈரானுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்றிரவே உட்கார்ந்து எழுதுங்கள்: எந்த முகாம், எந்த மாதம், அவர் என்ன பதவியில் இருந்தார், தன் கையால் என்ன செய்தார், எதைச் செய்யச் சொன்னார், அவர்தான் என்று எப்படித் தெரியும். நினைவில்லாததை ‘நினைவில்லை’ என்றே எழுதுங்கள். கூட இருந்தவர்களிடம் படத்தைக் காட்டி “இவர்தானே?” என்று கேட்காதீர்கள், அவர்களுடைய அடையாளம் காட்டல் பிறகு நீதிமன்றத்தில் நிற்காது. உடம்பில் தழும்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டி அறிக்கை வாங்குங்கள். அந்த ஃபேஸ்புக் பதிவையும் தேதி தெரிய இப்போதே படமெடுத்து வையுங்கள், நாளைக்கு இருக்காது.

இவ்வளவு செய்தும் கைது நடக்காமல் போகலாம். ஆதாரம் போதாது என்பார்கள், அல்லது அரசு முறைப் பயணமாக வந்தால் விலக்குரிமை குறுக்கே நிற்கும். விசாவை ரத்துச் செய்வதோடு நிறுத்திவிடவும் கூடும். என் பார்வையில் அது நீதி ஆகாது, அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார், அவ்வளவுதான். ஆனாலும் உங்கள் வாக்குமூலம் கோப்பில் இருக்கும். அடுத்த பயணத்தில் அது உதவலாம்.

அப்புறம், ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஏதாவது வருமோ என்ற பயம் இருந்தால், அதைப் பொலிஸாரிடம் முதல் சந்திப்பிலேயே, பெயர் கொடுக்கும் முன்பே சொல்லுங்கள்.