கணவர் கேட்ட கேள்வியை ராஜாவும் கேட்டார்

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வயது 36. கணவர் உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர். பிள்ளைகளுக்கு ஒன்பதும் ஆறும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு மிஷனரி கூட்டத்தில் ‘வடமாநில ஊழியத்துக்கு அர்ப்பணிக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்’ என்றபோது எழுந்து நின்றேன். ஆண்கள் பக்கத்தில் இருந்த கணவரிடம் முன்னால் எதுவும் பேசியிருக்கவில்லை. ஜார்க்கண்டில் பலாமு பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் தேவை என்று அன்று சொன்னது இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. கணவரிடம் பேசினால், ‘எத்தனை வருஷத்துக்கு? வீட்டுக் கடனை யார் கட்டுவா? பிள்ளைங்க படிப்பு?’ என்கிறார். அவருக்கு விசுவாசம் போதாதோ என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் எனக்கே பயம் போகவில்லை. போன வருடம் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் (வேத வசன அட்டை) ‘நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ’ என்று வந்தது. இந்த வருடம் ‘நீங்கள் நின்றுகொண்டு கர்த்தர் செய்யும் இரட்சிப்பைப் பாருங்கள்’. உபவாசம் இருந்தும் தெளிவு இல்லை. இருதயத்தை எப்படி ஆயத்தப்படுத்துவது? எப்போது அடியெடுத்து வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அட்டை விவகாரத்தை முடித்துவிடுவோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டிலிருந்து எடுக்கும் அட்டையை நானும் வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்கிறவன்தான். ஆறுதலுக்கு அது நல்லது. ஆனால் அது ரயில்வே கால அட்டவணை அல்ல, இந்த வருடம் வண்டி உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்ல. உங்களுக்கு இந்த வருடம் வந்தது யாத்திராகமம் 14:13. அட்டையில் இடம் இல்லாததால் அச்சிடாமல் விட்ட 15-ஆம் வசனத்தையும் படியுங்கள். அங்கே கர்த்தர் மோசேயிடம், என்னிடத்தில் முறையிடுவானேன், ஜனங்களைப் புறப்பட்டுப் போகச் சொல் என்கிறார். நில்லுங்கள் என்பதும் போங்கள் என்பதும் ஒரே கடற்கரையில், ஒரே நாளில் சொல்லப்பட்டவை. இரண்டு அட்டைகளையும் மோதவிட்டு ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

இனி உங்கள் கணவர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அவர்தான். ஒரு கூட்டத்தின் பெண்கள் பக்கத்தில் நீங்கள் எழுந்து நின்றதை, ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் எப்படிப் பார்த்திருப்பார்? முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் வந்த தீர்மானம் அது. அப்படியும் அவர் ‘முடியாது’ என்று சொல்லவில்லை. எத்தனை வருஷம், கடன், படிப்பு என்றுதான் கேட்கிறார். போகவே மனமில்லாதவர் இவ்வளவு விவரமாகக் கேட்கமாட்டார்.

வேதாகமத்தில் நெகேமியாவின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பாருங்கள். பெர்சிய ராஜாவிடம் பானபாத்திரக்காரனாக இருந்த யூதன் அவன். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்துகிடக்கிற செய்தி அவனுக்குக் கிஸ்லே மாதத்தில் வருகிறது. ராஜாவுக்கு முன்பாக அவன் வாய் திறப்பது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம், அழுகையும் உபவாசமும் ஜெபமும். அப்போது ராஜா, அருகே ராஜஸ்திரீ உட்கார்ந்திருக்க, அவனிடம் கேட்பது என்ன தெரியுமா? உன் பிரயாணம் எத்தனை நாள் செல்லும், எப்போது திரும்பி வருவாய் என்பதுதான். உங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்கப்பட்ட அதே கேள்வி. நெகேமியா ‘ஆண்டவர் நடத்துவார்’ என்று மழுப்பவில்லை. காலத்தைக் குறித்துச் சொன்னான். ஐப்பிராத்து நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான். கோட்டைவாசல்களுக்கு மரம் வேண்டும், வனக்காவலன் ஆசாபுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றான். ஆள் பெயர் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறான்! அந்த நான்கு மாத ஜெபத்தில் கண்ணீரோடு கணக்கும் நடந்திருக்கிறது.

பயம் பற்றிக் கேட்டீர்கள். அந்த இரண்டாம் அதிகாரத்தில், ராஜா முகவாட்டத்தைக் கவனித்துக் கேட்டவுடன் தான் மிகவும் பயந்ததாக நெகேமியாவே எழுதிவைத்திருக்கிறான். பயந்தபடியேதான் பேசினான். நீங்கள் மூன்று வருடமாகப் பயம் போவதற்காகக் காத்திருக்கிறீர்கள். அது போகாமலே இருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போகிற தாய்க்குக் கொஞ்சம் பயம் இருப்பதே நல்லது என்பேன்.

யூத ஜனத்தில் ஒரு கூட்டத்தை எருசலேமுக்குக் கூட்டிப்போன ஆசாரியன் எஸ்றாவின் கதை இன்னும் உங்களுக்கு நெருக்கமானது. பாபிலோனிலிருந்து முதல் மாதம் முதல் தேதி புறப்பட ஆரம்பிக்கிறான். அகாவா நதி ஓரத்தில் மூன்று நாள் கூடாரமிட்டு, வந்த ஜனத்தைப் பார்வையிட்டால் ஆலய ஊழியம் செய்கிற லேவியரில் ஒருவன்கூட இல்லை. ஆள் அனுப்புகிறான். முப்பத்தெட்டு லேவியர் வந்து சேருகிறார்கள். உபவாசம் கூறுகிறான். எதற்காக? ‘எங்களுக்காகவும் எங்கள் பிள்ளைகளுக்காகவும்’ செவ்வையான வழிக்காக. பிறகு 650 தாலந்து (அக்கால எடை அளவு) வெள்ளியையும் நூறு தாலந்து பொன்னையும் நிறுத்து, பன்னிரண்டு ஆசாரியர் கையில் ஒப்படைக்கிறான். நதியைவிட்டு உண்மையில் கிளம்பியது பன்னிரண்டாம் தேதி. போய்ச் சேர்ந்தது ஐந்தாம் மாதம் முதல் தேதி. சேர்ந்தபின் எருசலேமிலும் எல்லாவற்றையும் மறுபடி நிறுத்து எழுதிவைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வழியில் பாதுகாப்புக்குச் சேவகர் கேட்க எஸ்றா வெட்கப்பட்டான். தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது என்று ராஜாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டானே! நெகேமியாவோ சேர்வைக்காரரும் குதிரைவீரரும் உடன்வரத்தான் போனான். இருவரும் அதே எருசலேமுக்குத்தான் போனார்கள். எவனுக்கு விசுவாசம் குறைவு என்று வேதம் எங்கேயும் மதிப்பெண் போடவில்லை. ஆகவே கடனைக் கட்டி முடித்துவிட்டுப் போகலாம் என்கிற குடும்பத்தையும், வீட்டை வாடகைக்கு விட்டு அதில் தவணை கட்டலாம் என்று கிளம்புகிற குடும்பத்தையும் நாம் எடைபோட வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக்கு எது என்பதை நீங்கள் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, சம்பளச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் விரித்துவைத்துப் பேசுங்கள். ஜெபித்துவிட்டுப் பேசுங்கள், பேசிவிட்டும் ஜெபியுங்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை மிஷனரி ஞாயிறுகளில் கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று, மருத்துவம் படிக்காத அவரைப் பிரசவத்துக்கு அழைத்ததும், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்ததும். பிரசங்கம் அந்த இரவோடு கண்ணீரில் முடிந்துவிடும். அதன்பின் அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900-ல் திரும்பியது வரையிலான நீண்ட வருடங்களை யாரும் பிரசங்கிப்பதில்லை. உடற்கூறியல் பரீட்சைக்குப் படித்த அந்த இரவுகளும் அழைப்பில் சேர்ந்தவைதான்.

நீங்கள் படிக்க வேண்டியது இந்தி. பலாமுவில் வருகிற நோயாளியிடம் ‘எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாகக் காய்ச்சல்’ என்று கேட்கத் தெரியாத நர்ஸ் என்ன செய்ய முடியும்? அதற்கு ஜார்க்கண்ட் போக வேண்டியதில்லை. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் வந்திருக்கிற ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா இளைஞர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். கை நசுங்கி, உடன் வர ஆளில்லாமல், உங்கள் கேஷுவாலிட்டிக்கும் யாராவது வந்திருப்பார்கள். இந்த மூன்று வருடத்தில் அவர்களில் ஒருவருடைய ஊர்ப் பெயரையாவது கேட்டீர்களா? குத்திக்காட்டச் சொல்லவில்லை. அடுத்த டியூட்டியில் ஆரம்பிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். ஒருவேளை பலாமு போகவே முடியாமல் போனால், அந்த ஊழியம் இங்கேயே உங்களுக்குக் காத்திருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்றதை, யோசியாமல் நேர்ந்துகொண்டு தன் மகளையே பலிகொடுக்க நேர்ந்த யெப்தாவின் பொருத்தனை மாதிரி ஆக்கி, பிள்ளைகள்மேல் சுமத்திவிடாதீர்கள்.

நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வேறு மாநிலத்தில் வேலை செய்ய நர்சிங் கவுன்சில் பதிவு பற்றி முன்கூட்டியே விசாரியுங்கள். காகிதம் நகர மாதங்கள் ஆகும். ஜார்க்கண்டில் 2017 முதல் மதமாற்றத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். சட்டம் இல்லாவிட்டாலும், படுக்கையில் கிடக்கிறவருடைய பலவீனத்தைப் பயன்படுத்திப் பேசுவது நர்ஸுக்கு அழகல்ல. அவரே கேட்டால் சொல்லலாம்.

அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். சம்பளம், தங்க வீடு, பக்கத்தில் பள்ளி, விடுப்பு எல்லாவற்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். ‘ஊழியத்துக்கு வருகிறவள் சம்பளம் கேட்கிறாளே’ என்று நினைக்கமாட்டார்கள். கேட்காமல் வந்து ஆறு மாதத்தில் திரும்பிப் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். உங்கள் சேகர குருவானவரிடமும் இப்போதே சொல்லுங்கள். அகாவா ஓரத்தில் எஸ்றாவுக்கு ஆள் தேவைப்பட்டது போல உங்களுக்கும் நாலு பேர் தேவை.

கோடை விடுமுறையில் நால்வருமாக ஒரு முறை போய் அங்கே தங்கிப் பாருங்கள். மே மாதத்தில் அந்தப் பக்கம் வெயில் 45 டிகிரியைத் தொடும். பரவாயில்லை, மோசமான மாதத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. நீங்கள் வார்டில் நில்லுங்கள். கணவர் பள்ளிக்கூடங்களைப் பார்க்கட்டும், பிள்ளைகள் அங்குள்ள பிள்ளைகளோடு விளையாடட்டும். அங்கே இருக்கும்போது ‘உங்களுக்கு என்ன தோன்றுகிறது?’ என்று அவரைத் துளைக்க வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு, மனமிருந்தால் அவரையே எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.