உடைந்தது கண்ணாடியா, பேனலா? கைபேசித் திரை பற்றிய கேள்வி பதில்

திருச்சியில் பதினாறு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். உதிரிபாகம் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு மாதம் இருமுறை போய்வருகிறேன். திரை உடைந்த போன்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கரூர்): அண்ணா, பைக்கிலிருந்து இறங்கும்போது போன் விழுந்து, சிலந்தி வலை போல விரிசல் விட்டிருக்கிறது. படம் நன்றாகத் தெரிகிறது, டச்சும் வேலை செய்கிறது. ஒரு கடையில் கண்ணாடி மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் காம்போவே மாற்ற வேண்டும் என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவருமே பொய் சொல்லவில்லை, தம்பி. நாம் டிஸ்ப்ளே என்று ஒரே பெயரால் சொல்வது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அடுக்குகள். மேலே வெறும் கண்ணாடி. அதன் கீழே விரலை உணரும் டச். அதற்கும் கீழே படம் காட்டும் பேனல். புள்ளிகள் தாமாகவே ஒளிரும் ஓஎல்இடி வகையில் பெரும்பாலும் டச்சும் பேனலும் ஒன்றாகவே வருகின்றன. கண்ணாடியையும் பேனலையும் தெளிந்த கம் ஒன்று இடைவெளியே இல்லாமல் பிடித்திருக்கிறது. இப்படி எல்லாம் ஒட்டியே வரும் முழுத் திரையைத்தான் காம்போ என்கிறோம்.

உங்களுக்குப் போயிருப்பது மேல் கண்ணாடி மட்டும். அதை மாற்ற, திரையைச் சூட்டுத் தட்டில் ஏறக்குறைய 80 டிகிரிக்குச் சூடாக்கி, தலைமுடி அளவே தடிமன் உள்ள கம்பியை இடையில் இழுத்துப் பிரிக்க வேண்டும். பழைய கம்மைச் சுத்தமாக எடுத்துவிட்டு, புதிய கம் தாளையும் கண்ணாடியையும் காற்று நீக்கிய பெட்டிக்குள் வைத்து அழுத்தி ஒட்ட வேண்டும். கடைசியாகக் குமிழி நீக்கும் இயந்திரத்தில் வைக்க வேண்டும். இந்த இயந்திரங்கள் இல்லாத கடைக்காரர் காம்போ மாற்றச் சொல்வதுதான் நேர்மை. இல்லாமலே "அரை மணி நேரத்தில் கண்ணாடி மாற்றித் தருகிறேன்" என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

நன்றாகச் செய்கிறவர் கையிலும் பிரிக்கும்போது பேனல் போய்விடலாம். ஓரம் வளைந்த திரைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் வேலைக்குக் கொடுக்கும் முன்பே "பிரிக்கும்போது பேனல் போனால் செலவு யாருடையது?" என்று கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். விலை கூடிய ஓஎல்இடி போனுக்குக் கண்ணாடி மட்டும் மாற்றுவதைத்தான் நான் சொல்வேன், ஏனென்றால் நிறுவனம் பொருத்திய பேனல் உங்களிடமே தங்கிவிடும். பின்னால் விளக்கு வைத்துப் படம் காட்டும் குறைந்த விலை எல்சிடி போன் என்றால் காம்போவே போதும். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது.

கேள்வி (உடுமலை): கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு மூலையில் மை கொட்டியது போலக் கறுப்பு. நேற்றைவிட இன்று பெரிதாக இருக்கிறது.

பதில்: உள்ளே பேனல் உடைந்திருக்கிறது. ஓஎல்இடி பேனலின் ஒளிரும் பொருள்களுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. அவற்றைக் காக்கும் உறையில் விரிசல் விழுந்தால் கறுப்பு நாளுக்கு நாள் பரவும். இனி அது நிற்காது. திரை தெரிகிற இன்றே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுங்கள். கடைக்கு நாளை போகலாம்.

கேள்வி (மதுரை): ஒரே போனுக்கு ஒரு கடையில் சொல்லும் விலையைப்போல மூன்று மடங்கு இன்னொரு கடையில் சொல்கிறார்கள். இரண்டு பேரும் "ஒரிஜினல்" என்றே சொல்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் விஷயம் இது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சந்தையில் "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. நிறுவனத்தின் பெட்டியோடு வரும் சர்வீஸ் பேக்கும் ஒரிஜினல். பழைய போனிலிருந்து கழற்றியதும் ஒரிஜினல். நிறுவனப் பேனலில் வேறு கண்ணாடி ஒட்டியதும் அதே பெயரில்தான் விற்கப்படுகிறது. இவை மூன்றிலும் பேனலாவது உண்மையானது. நான்காவதாக ஒன்று இருக்கிறது. ஓஎல்இடி போனுக்குப் பொருந்தும்படி செய்த எல்சிடி வகைப் பேனல். டிஎஃப்டி என்றும் இன்செல் என்றும் சொல்வார்கள். நீங்கள் கேட்ட மூன்று மடங்கு வித்தியாசம் பெரும்பாலும் இதனால்தான்.

மலிவான பேனலைப் போடுவதில் தவறில்லை. சொல்லிவிட்டுப் போட வேண்டும். எல்சிடிக்குப் பின்னால் எப்போதும் ஒரு விளக்கு எரிகிறது. அதனால் திரை சற்றுத் தடிமனாகிச் சட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும், வெயிலில் மங்கும். திரைக்குள்ளேயே கைரேகை பதிக்கும் போன் என்றால் அந்த வசதி பெரும்பாலும் போய்விடும். ஏனென்றால் அந்த உணரி ஓஎல்இடி வழியாகத்தான் விரலைப் பார்க்கிறது. "சாஃப்ட்வேர் கோளாறு, அப்டேட் வந்தால் சரியாகும்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். எந்த அப்டேட்டாலும் அது சரியாகாது.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரை முழுவதும் திறந்து, இருட்டான இடத்தில் பாருங்கள். ஓஎல்இடி என்றால் திரை இருட்டோடு கலந்துவிடும். எல்சிடி என்றால் சாம்பல் நிறத்தில் மெல்ல ஒளிரும். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே மேசைக்கு அடியில் கையால் மறைத்துப் பார்க்கலாம்.

பிறகு ஒரு செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, திரையின் எல்லா மூலைகளுக்கும் இழுத்துப் பாருங்கள். எங்காவது அந்தப் படம் விரலோடு வராமல் நின்றுவிட்டால் அங்கே டச் இல்லை. ஒருவரை அழைத்துக் காதில் வைத்தால் திரை அணைய வேண்டும். சாம்சங்கில் பல மாடல்களில் *#0*# அழுத்தினால் நிறங்களையும் டச்சையும் சோதிக்கும் பக்கம் திறக்கும். இவை அனைத்தையும் புதிய திரையை ஸ்ட்ரிப்பில் (போனின் உள்ளே இணைக்கும் மெல்லிய பட்டையில்) மாட்டியவுடன், கம் போட்டு ஒட்டுவதற்கு முன்பே, உங்கள் முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஒட்டியபின் கழற்றினால் அந்தத் திரை உடையலாம், பிறகு சண்டைதான். கழற்றிய பழைய திரையையும் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள். பேனல் நன்றாக இருந்தால் அதற்கு விலையும் உண்டு.

கேள்வி (பெரம்பலூர்): சார், டச் முழுவதும் போய்விட்டது, படம் மட்டும் தெரிகிறது. திரை மாற்றினால் உள்ளே இருக்கும் எல்லாம் அழிந்துவிடும் என்று கடையில் சொன்னார்கள். குழந்தையின் படங்கள் இருக்கின்றன.

பதில்: அழியாது, சகோதரி. படங்கள் இருப்பது போனுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டில். திரை மாற்றுவதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. சென்ற ஆண்டு ஒரு தாய் என்னிடம் வந்தார். வேறு கடையில் யாரோ "எப்படியும் அழியும்" என்று சொல்லி, திரை மாற்றியதோடு ரீசெட்டும் செய்து கொடுத்திருந்தார்கள். குழந்தையின் முதல் ஓராண்டுப் படங்கள் அதில் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போதைய போன்களில் சேமிப்பு முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது, ரீசெட் செய்தால் அந்தச் சாவியே அழிந்துவிடும். ஆகவே "ரீசெட் செய்யக் கூடாது" என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒன்றை முயலலாம். ஓடிஜி இணைப்பான் வாங்கி, கணினியின் மவுஸை போனில் செருகுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் திரையில் அம்புக்குறி வரும். அதைக் கொண்டு பின் எண்ணைப் போட்டு, படங்களை நகல் எடுத்துவிடலாம். சில நிறுவனங்களின் போன்களில் அமைப்புகளுக்குள் போய் ஓடிஜியை இயக்கினால்தான் இது நடக்கும். அதனால் அம்புக்குறி வராவிட்டால் போனே கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்று, போனை அணைக்காதீர்கள். அணைத்துத் திறந்தால் கைரேகை செல்லாது, பின் எண்தான் கேட்கும். டச்சும் இல்லாமல் மவுஸும் வேலை செய்யாவிட்டால் அதைப் போட முடியாது. ஆனால் திரை தானாகவே அங்குமிங்கும் தொட்டுக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது தவறான பின் எண்ணை மீண்டும் மீண்டும் அழுத்திப் போனைப் பூட்டிவிடும்.

கேள்வி (தஞ்சாவூர்): கடையில் பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: திரை மாற்ற அது தேவையில்லை. சோதிக்க மட்டும்தான் வேண்டும். அதை நீங்கள் அருகில் நின்று திறந்து கொடுக்கலாம். விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால் சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். ஓடிபி வராமல் பணப் பரிவர்த்தனை நடப்பது கடினம். சாம்சங்கிலும் பிக்சலிலும் புதிய மாடல்களில் பழுதுபார்ப்பவருக்கென்றே தனி முறை இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் படங்களும் செய்திகளும் மறைந்துவிடும், போனைச் சோதிக்க மட்டும் முடியும்.

கேள்வி (நாகர்கோவில்): பற்பசை தேய்த்தால் விரிசல் மறையுமா?

பதில்: மறையாது. விரல் ரேகை ஒட்டாமல் காக்கும் பூச்சுதான் தேய்ந்து போகும். விரிசல் வழியே ஈரமும் உள்ளே இறங்கும்.

கேள்வி (ஈரோடு): கீழே விழவே இல்லை. திரை ஒரு பக்கம் மேலெழுந்து, தானாக விரிசல் விட்டிருக்கிறது.

பதில்: இதைப் படித்தவுடன் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. பழைய லித்தியம் பேட்டரிக்குள் வாயு உண்டாகி, பை போல வீங்கித் திரையை மேலே தள்ளுகிறது. திரையைக் கையால் அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள். பேட்டரி ஓட்டையானால் தீப்பிடிக்கும். தலையணைக்கு அருகிலும் வண்டிப் பெட்டியிலும் வைக்காமல் கடைக்கு எடுத்துப் போங்கள். முதலில் பேட்டரி, பிறகுதான் கண்ணாடி. கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போட வேண்டாம்.

கேள்வி (வேலூர்): ஐபோன் திரை மாற்றியபின் அமைப்புகளில் ஒரு எச்சரிக்கை வருகிறது. முகம் காட்டித் திறப்பதும் போய்விட்டது. இரண்டும் ஒரே காரணமா?

பதில்: வேறு வேறு. ஐபோன் 11 முதல், நிறுவனம் உறுதி செய்யாத திரையைப் போட்டால் அந்த எச்சரிக்கை வரும். அதனால் மட்டும் போன் கெடாது. முகம் போனதுதான் கவலை தருகிறது. ஐபோன் எக்ஸ் முதல் 12 வரை, காதில் வைக்கும் ஸ்பீக்கரின் ஸ்ட்ரிப்பிலேயே முகத்தை உணரும் பகுதியில் ஒன்று இருக்கிறது. அது திரையோடு ஒட்டியிருக்கும். பழைய திரையிலிருந்து அதைச் சேதமில்லாமல் எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும். வேறு போனின் ஸ்ட்ரிப்பைப் போட்டால் அப்படியே வேலை செய்யாது. பழைய ஸ்ட்ரிப் எங்கே என்று இன்றே போய்க் கேளுங்கள். கிழியாமல் இருந்தால் இன்னும் வழி இருக்கிறது.

கேள்வி (சேலம்): விளம்பரத்தில் உடையாத கண்ணாடி என்றார்கள். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து நொறுங்கிவிட்டதே?

பதில்: உடையாத கண்ணாடி என்று ஒன்று கிடையாது, ஐயா. கார்னிங் நிறுவனத்தின் கொரில்லா கிளாஸ் போன்றவற்றைச் சுமார் 400 டிகிரி சூட்டில் உருகிய உப்பில் ஊறவைக்கிறார்கள். கண்ணாடியின் சோடியம் அயனிகள் வெளியேறி, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் நெருக்கி உட்காருகின்றன. அந்த நெருக்கம்தான் வலிமை. ஆனால் மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. சட்டைப்பையில் இருக்கும் மணல் துகள் போடும் கீறல் அந்த நெருக்கத்தைத் தாண்டி ஆழமாக இறங்கினால், அடுத்த முறை மூலை தரையில் பட்டதும் அங்கிருந்தே பிளக்கும். சாதாரண டெம்பர்டு கிளாஸ் ஒட்டுங்கள், கீறலை அது வாங்கிக்கொள்ளும். திரவக் கம் ஊற்றி ஊதா விளக்கில் காய வைப்பவற்றில் மட்டும் கவனம் தேவை. அந்தக் கம் ஸ்பீக்கருக்குள்ளும் பட்டனுக்குள்ளும் இறங்கிய போன்கள் என்னிடம் வருகின்றன.

கேள்வி (விழுப்புரம்): அம்மாவின் ஐந்து வருடப் பழைய போன். திரை மாற்றுவதா, புதிது வாங்குவதா?

பதில்: இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அதே மாடல் நல்ல நிலையில் பழையதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது? திரைச் செலவு அதில் பாதிக்குள் இருந்தால் மாற்றுங்கள். இரண்டாவது, பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா? நின்றுபோயிருந்தால், அம்மா அதில் வங்கிச் செயலியும் யுபிஐயும் வைத்திருந்தால், அதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம். பேசுவதற்கும் படம் பார்ப்பதற்கும் மட்டும்தான் என்றால் குறைந்த விலைத் திரை போட்டு இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டலாம். அம்மாவுக்குப் பழகிய போன் என்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. பழைய போன் ஒன்றை வாங்குவதாக இருந்தால், *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி (புதுக்கோட்டை): மாற்றிய திரை பத்தே நாளில் கோடு விட்டது. கடைக்காரர் கைவிரிக்கிறார்.

பதில்: ரசீது இருக்கிறதா? அதில் மாடல், பேனல் வகை, எத்தனை நாள் உத்தரவாதம் என்ற மூன்றும் இருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். ரசீதே இல்லையென்றாலும் யுபிஐயில் செலுத்திய பதிவு ஒரு சான்றுதான்.

கேள்வி (அரியலூர்): இன்று ஞாயிறு, கடை இல்லை. கண்ணாடித் தூள் உதிர்கிறது, வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

பதில்: அகலமான ஒளி ஊடுருவும் பேக்கிங் டேப்பைத் திரை முழுவதும் ஒரே துண்டாக ஒட்டி, ஓரத்தை மடித்துவிடுங்கள். டச் அதன் மேலேயே வேலை செய்யும். விழுந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் பேசுங்கள். திங்கள் காலை கடைக்குப் போகும்போது டேப்பைப் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள்.