கேள்வி – பதில்: சேவியர் என்ற பெயரின் வேர்

கேள்வி: சேவியர் என்பது போர்த்துகீசியச் சொல்லா? ‘ஒளி மிக்கவர்’ என்பது அதன் பொருள் என்று ஒரு பெயர்ப் பட்டியலில் படித்தேன், அது சரியா? சவேரியார் என்பதும் இதே பெயர்தானா?

பதில்: போர்த்துகீசியர் வழியாக நம்மிடம் வந்த பெயர் என்றாலும் அது அவர்களுடைய சொல் அன்று. ஸ்பெயினின் வடக்கிலும் அதையொட்டிய பிரான்சின் தென்மேற்கு மூலையிலும் வழங்கும் பாஸ்க் மொழியில் ‘எச்செ’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதிது. அம்மொழியில் பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னே நிற்பதால், ‘எச்செபெர்ரி’ என்பது நம் ‘புதுவீடு’தான். முதல் உயிரெழுத்து உதிர்ந்து, அண்டை மொழியினரின் நாவில் அது ‘ஷவியெர்’ ஆயிற்று. ‘ஒளி’ என்ற விளக்கத்துக்கு ஆதாரம் இல்லை. பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுவதால் அது நிலைத்துவிட்டது.

இன்றைய ஸ்பெயினின் வடக்கிலுள்ள நவாராவில் அப்பெயருடைய கோட்டையில் 1506 ஏப்ரல் 7 அன்று பிறந்தவர் புனித பிரான்சிஸ் சேவியர். தந்தையின் குடிப்பெயர் வேறாக இருந்தும், ஒருவரை அவர் பிறந்த வீட்டால் அடையாளம் காணும் பாஸ்க் வழக்கப்படி, வீட்டின் பெயரே அவருக்கு நிலைத்தது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றிய அவர், அவர்களுடைய தாய்மொழி ‘மலபார்’, தம்முடையது ‘விஸ்கயா’ மொழி என்று 1544இல் எழுதினார். அக்காலத்து ஐரோப்பியர் வழக்கில் முன்னது தமிழ், பின்னது பாஸ்க். நம் மொழியும் அவர் மொழியும் ஒரே வரியில் நிற்கும் அந்த இடத்தை எப்போது படித்தாலும் மனம் நெகிழ்கிறது.

1622இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகே இந்த ஊர்ப்பெயர் குழந்தைகளுக்கு இடும் பெயராகப் பரவியது. ஸ்பானிய மொழியில் ஒலி மாறி ‘ஹவியெர்’ ஆனது; சிலி நாட்டில் பெண்களுக்கு ‘ஹவியேரா’ என்று இடுகிறார்கள். பாஸ்க் மக்கள் ‘ஷாபியெர்’ என்கிறார்கள். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், 1938 முதல், பாஸ்க் வடிவங்களைப் பிறப்புப் பதிவேட்டில் எழுதத் தடை இருந்ததால் வீட்டில் ஷாபியெராக வளர்ந்தவரும் ஏட்டில் ஹவியெராகவே இருக்க நேர்ந்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டமே அந்த நிலையை மாற்றியது. கால்பந்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: பாஸ்க் நாட்டவரான ஷாபி அலோன்சோ தம் பெயரை ‘பி’ எழுத்திட்டு எழுதுகிறார், கட்டலோனியரான ஷாவி எர்னாண்டஸ் ‘வி’ எழுத்திட்டு எழுதுகிறார். பெயர் ஒன்றே, எழுத்து, அவரவர் மொழியைச் சொல்லிவிடுகிறது.

சவேரியாரும் இதே பெயர்தான். போர்த்துகீசிய ஒலியைச் சகரத்தால் வாங்கி, ‘ஆர்’ என்னும் மரியாதை விகுதி சேர்த்துத் தமிழர் ஆக்கிக்கொண்ட வடிவம் அது. சேவியர் என்பது ஆங்கில உச்சரிப்பைப் பின்பற்றியது. இரண்டில் பழைய ஒலிக்கு நெருங்கியது சவேரியாரே.